பத்ராசலம் போக நினைக்கும் வாசகருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

'மலையும் கடலும் பார்த்தாயிற்று. ஆற்றங்கரையில் அமைதியான ஊர் ஒன்று சொல்லுங்கள். பழைய கோயில் இருக்க வேண்டும், பழங்குடி மக்களின் பண்பாட்டையும் பார்க்க வேண்டும், முடிந்தால் அவர்களுடைய நடனத்தையும். நானும் மனைவியும் ரயிலில்தான் போவோம். எப்போது போகலாம்?' என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஊரில் இத்தனையும் வேண்டும் என்றால் எனக்குத் தோன்றுவது பத்ராசலம். நடனக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வருகிறேன். அதற்கு முன்கதை தேவை.

'ராம நவமிக்கு ஜனசமுத்திரம் திரளும் ஊராயிற்றே, அங்கே எங்கே அமைதி?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ராம நவமியும் வைகுண்ட ஏகாதசியும் (அங்கே முக்கோடி ஏகாதசி என்பார்கள்) வரும் நாட்களில் ஊர் தாங்காது. விடுமுறை நாட்களிலும் கூட்டம் உண்டு. மற்றபடி வாரநாளில் போய் இறங்கினால், ஒரு கோயில், ஒரு ஆறு, ஒரு பேருந்து நிலையம், அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் கடைகள், அவ்வளவுதான் ஊர். 2011 கணக்கெடுப்பில் சுமார் 50,000 பேர். இவ்வளவு பேர் இருந்தும் பத்ராசலம் இன்னும் நகராட்சி ஆகவில்லை, ஊராட்சிதான். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி என்பதால் ஊராட்சித் தலைவர் பதவியும் பழங்குடியினருக்கே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முதலில் ஆறு. திரியம்பகத்தில் பிறந்து மகாராஷ்டிரத்தைக் கடந்து தெலங்கானாவுக்குள் புகுந்து, பிராணஹிதா, இந்திராவதி போன்ற பெரிய துணையாறுகளை வாங்கிக்கொண்டு கோதாவரி இங்கே வருகிறாள். நம் காவிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவளுடைய அகலம் ஒரு கணம் பிடிபடாது. கொத்தகூடம் பக்கமிருந்து பேருந்தில் வந்தால், சாரபாக்காவின் காகித ஆலையைத் தாண்டியதும் பாலம் வரும். 1965இல் திறந்த பழைய பாலம் அது. பாலம் கட்டும் வரை தெற்கேயிருந்து வந்த பக்தர்கள் படகில்தான் அக்கரை போனார்கள். பக்கத்திலேயே இப்போது இன்னொரு பாலமும் எழுந்துவிட்டது. பேருந்தில் வலப்பக்கம் இடப்பக்கம் என்று பார்க்காமல் ஜன்னலோரம் எங்கே கிடைக்கிறதோ அங்கே உட்காருங்கள், இரண்டு பக்கமும் ஆறுதான்.

படித்துறையில் இறங்கும்போது நீர்மட்டம் குறிக்கும் அளவுகோலைக் கட்டாயம் பாருங்கள். பத்ராசலத்துக்காரர்களுக்குக் கடிகாரத்தைவிட முக்கியமானது அது. 43 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 48 அடியில் இரண்டாவது, 53 அடியில் மூன்றாவது. மழைக்காலத்தில் ஊரில் இருவர் சந்தித்தால் 'சாப்பிட்டாயா' என்பதற்கு முன்னால் 'எத்தனை அடி' என்ற கேள்வி வந்துவிடும். 1986 ஆகஸ்டில் ஆறு 75.6 அடிக்கு ஏறியது. 2022 ஜூலையில் 71.3 அடி. அப்போது பாலத்தையே மூடிவிட்டு, தாழ்வான தெருக்களில் இருந்தவர்களை முகாம்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஊரைக் காப்பது ஆற்றோரமாக எழுப்பிய கரகட்டா, அதாவது கரை. காலையில் அதன்மேல் நடந்து போனால், ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் ஆற்றைவிடத் தாழ்ந்துவிடக்கூடிய வீட்டுக் கூரைகளுமாக ஊரின் நிலைமை ஒரே பார்வையில் விளங்கும்.

இனி கோயில். சின்னக் குன்றின்மேல் இருக்கிறது. பத்ரன் என்ற முனிவர் தவமிருந்து குன்றாகிவிட்டார் என்றும், அவர் தலைமேல் ராமன் வந்து அமர்ந்தான் என்றும் தலபுராணம். மூலவரை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் கைகளைக் கவனியுங்கள். நம் ஊர் ராமனுக்கு இரண்டு கை. இங்கே நான்கு. வில்லும் அம்பும் போக, சங்கும் சக்கரமும் உண்டு, அதுவும் இடம் மாறி, சங்கு வலக்கையில், சக்கரம் இடக்கையில். பக்தனைப் பார்க்க ஓடிவந்த அவசரத்தில் கை மாறிவிட்டதாம். சீதை இடது தொடையில் அமர்ந்திருக்கிறாள். வைகுண்ட ராமன் என்று இந்தத் திருக்கோலத்துக்குப் பெயர்.

இந்த மூர்த்தியை முதலில் கண்டவர் அரசரோ ஆசாரியரோ இல்லை. போகல தம்மக்கா என்ற காட்டுவாசிப் பெண். கனவில் உத்தரவு வந்து, புற்றைத் தேடிப் போய், கோதாவரித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கரைத்ததில் விக்கிரகங்கள் வெளிப்பட்டன என்பது கதை. பனையோலையோ இலைதழையோ போட்டு ஒரு பந்தல் கட்டினார். நைவேத்தியத்துக்குச் சர்க்கரைப் பொங்கலுக்கு எங்கே போவார்? காட்டில் விழுந்து கிடந்த பனம்பழத்தை வைத்துக் கும்பிட்டார். பனம்பழ வாசனை தெரிந்த நமக்கு அந்தப் பூஜையைக் கற்பனை செய்வது சுலபம். ராமாயணத்துச் சபரியின் வழிவந்தவர் என்றே அவரை அங்கே சொல்வார்கள். அண்மைக் காலமாகக் கோயில் சார்பில் அவர் பெயரில் ஒரு சேவா யாத்திரையும் நடக்கிறது, சுற்றுவட்டாரப் பழங்குடியினர் திரண்டு வருகிறார்கள்.

அடுத்து வருபவர் கஞ்சர்ல கோபன்னா, நமக்குப் பத்ராசல ராமதாசர். 17ஆம் நூற்றாண்டு. சொந்த ஊர் கம்மம் பக்கத்து நேலகொண்டபள்ளி. கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானாஷாவிடம் செல்வாக்காக இருந்த அக்கண்ணா, மாதண்ணா இருவரும் இவருடைய மாமன்கள். அந்தச் சிபாரிசில் பால்வஞ்ச பர்கணாவுக்குத் தாசில்தாராக வந்தார். பந்தலுக்குள் இருந்த ராமனைப் பார்த்து மனம் பொறுக்காமல், வசூலான வரிப்பணத்தை எடுத்துக் கோயில் கட்டிவிட்டார். ஆறு லட்சம் வராகன் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. இன்றைய பாஷையில் அரசுப் பணக் கையாடல். சுல்தான் அவரைக் கோல்கொண்டாச் சிறையில் போட்டார். பன்னிரண்டு ஆண்டு என்கிறார்கள். ஹைதராபாத் போகும்போது கோட்டையில் ராமதாசர் சிறையைக் காட்டுவார்கள், சுவரில் தெய்வ உருவங்கள் செதுக்கியிருக்கும்.

சிறையில் பாடிய கீர்த்தனைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கிட்டத்தட்ட ஒரு வரவு செலவு அறிக்கை அது. சீதைக்கு இந்தப் பதக்கம், அதற்கு இவ்வளவு செலவு, தம்பிமார்களுக்கு இன்னின்ன நகை, அதற்கு இவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போய், கோபம் தலைக்கேறி ராமனுடைய அப்பாவையும் மாமனாரையும் இழுத்துவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டுவிடுவார். வருவாய்த்துறை உத்தியோகம் பார்த்தவர் பக்தி செய்தால் இப்படித்தான் இருக்கும். அவர் செய்வித்த நகைகள் என்று சொல்லப்படுபவற்றைக் கோயிலிலேயே பார்க்கலாம். பாட்டில் கேட்ட பொருளைக் கண்ணெதிரே பார்க்கும்போது பாட்டின் கோபமும் புரியும்.

கடைசியில் ராமனும் லட்சுமணனும் இரண்டு சேவகர்களாக நடுராத்திரி தானாஷாவின் அரண்மனைக்குப் போய்ப் பாக்கியைக் கட்டி ரசீது வாங்கினார்கள், மறுநாள் கோபன்னா விடுதலையானார் என்பது ஊரறிந்த கதை. அதைவிட எனக்குச் சுவையானது பிறகு நடந்தது. சீதா கல்யாணத்துக்கு அரசு சார்பில் முத்து அனுப்பும் வழக்கத்தைத் தானாஷா தொடங்கிவைத்தார். 1687இல் ஔரங்கசீப்பிடம் கோல்கொண்டா விழுந்தது, தானாஷா சிறைப்பட்டார். வழக்கம் விழவில்லை. நிஜாம்கள் காலத்திலும் தொடர்ந்து, இன்றும் ராம நவமியன்று மாநில முதல்வர் பட்டு வஸ்திரமும் முத்து அட்சதையும் கொண்டுவருவது அரசு மரபு.

முத்து அட்சதை செய்தித்தாளில் வந்துவிடும். இன்னொரு அட்சதை இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. கோட்டி தலம்பராலு என்பார்கள். கோதாவரிக் கரை ஊர்களில் இதற்கென்றே நெல் விளைவித்து, உலக்கையிலோ ஆலையிலோ போடாமல், ஒவ்வொரு நெல்லையும் நகத்தால் உரித்து அரிசியாக்குகிறார்கள். மணி உடையக் கூடாது, நுனி முறியக் கூடாது. கையில் எடுத்துப் பார்த்தால், கடை அரிசியில் இல்லாத கூர் இரு முனையிலும் தெரியும். நீங்கள் ஒரே ஒரு கைப்பிடி நெல்லை உரித்துப் பாருங்கள், நகக்கண் எரியும். கிலோ கணக்கில், மாதக் கணக்கில், வாயில் ராம நாமத்தோடு இதை ஊர் ஊராகச் செய்கிறார்கள். சுல்தானின் முத்தும் குடியானவர் உரித்த அரிசியும் ஒரே தம்பதியின் தலையில் விழுகின்றன.

நமக்கும் அங்கே ஒரு சொந்தம் உண்டு. நம் ஊர் பஜனை மடங்களில் தோடய மங்களம் தொடங்குவதே ராமதாசர் கீர்த்தனையோடுதான். திருவையாற்றுத் தியாகராஜர் தம் பாட்டிலேயே ராமதாசரைப் பெயர் சொல்லிப் போற்றியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலின் நித்திய பூஜைகளை ஒழுங்குபடுத்திய தூமு நரசிம்மதாசரோடு கடைசி வரை கூட இருந்தவர் வரத ராமதாசர், காஞ்சிபுரத்துக்காரர் என்று கோயில் வரலாறு சொல்கிறது. மார்கழியில் போனால் பகல் பத்து, இராப் பத்து என்ற சொற்கள் தெலுங்குச் சுவரொட்டியிலேயே அப்படியே இருக்கும். முக்கோடிக்கு முதல் நாள் மாலை கோதாவரியில் அன்ன வாகன ஓடத்தில் தெப்போற்சவம், மறுநாள் விடியலில் வடக்கு வாசல் தரிசனம். ஸ்ரீரங்கம் பார்த்தவர்களுக்குப் பழகிய முறைதான்.

ஆட்சியிலும் ஒட்டு உண்டு. பத்ராசலம் நிஜாமிடமிருந்து 1860இல் பிரிட்டிஷார் கைக்கு வந்து, முதலில் மத்திய மாகாணங்களோடு இருந்தது. 1874இல் சென்னை ராஜதானியின் கோதாவரி மாவட்டத்தில் சேர்ந்தது. 1953 வரை அந்த ஊர் கோப்புகள் சென்னைக் கோட்டைக்குத்தான் வந்தன. பிறகு ஆந்திரம், 1959இல் கம்மம் மாவட்டம், 2014இல் தெலங்கானா, 2016இல் பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டம். மாநிலம் பிரிந்த கையோடு, போலவரம் அணைக்காகச் சுற்றுவட்டார மண்டலங்களை ஆந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், ஊரை மட்டும் தெலங்கானா வைத்துக்கொண்டது. அதனால் கோயிலிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனாலே வேறு மாநிலம். ஜடாயு வீழ்ந்த இடம் என்று சொல்லும் எட்டபாக்காவும், குண்டால வெந்நீர் ஊற்றும் ஆந்திரத்தில். கோயில் நிலமே அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆட்டோக்காரரிடம் எல்லை எங்கே என்று கேட்டால் சிரிப்பார், ஆனால் துல்லியமாகக் காட்டுவார்.

இத்தனை அரசு மாறியும் அங்கேயே இருக்கிறவர்கள் கோயாக்கள். நீங்கள் பார்க்க விரும்பும் பழங்குடியினரில் பெரும்பாலோர் அவர்கள்தான். கோண்டிக்கு நெருங்கிய கோயா மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆற்றின் கீழ்ப்போக்கில் பாப்பிக் குன்றுகளின் பக்கம் கொண்டா ரெட்டிகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப் 1945இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். இவர்கள் தவிர, 2005க்குப் பிறகு சத்தீஸ்கரின் மாவோயிஸ்ட் எதிர்ப்புச் சல்வா ஜூடும் கலவரத்துக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த குத்தி கோயாக்கள் காட்டுக்குள் புதுக் குடியிருப்புகள் போட்டு வாழ்கிறார்கள். தெலங்கானாவில் அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை, பட்டா இல்லை, வனத்துறையோடு ஓயாத இழுபறி. பழங்குடிப் பண்பாடு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் இத்தனை பேருடைய இத்தனை விதமான வாழ்க்கை இருக்கிறது.

அவர்களுடைய வழிபாட்டுக்குக் கோபுரம் கிடையாது. புது மாங்காயோ புது மொச்சையோ புது நெல்லோ, முதலில் அதற்கென்று ஒரு பண்டிகை வைத்துத் தெய்வத்துக்குக் கொடுத்த பிறகுதான் வாயில் வைப்பார்கள். விதைப்புக்கு முன்னால் விதைப் பண்டிகை. மூன்றாம் கட்டு, நான்காம் கட்டு, ஐந்தாம் கட்டு என்று குலக்கட்டுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வேல்பு, அதாவது குலதெய்வம். அந்தக் குலவரலாறு துணியில் தீட்டிய கொடிகளில் இருக்கும், டோலி என்ற மேளத்தைத் தட்டிக்கொண்டு அதைப் பாடிச் சொல்வதற்கென்றே ஒரு பிரிவினர் உண்டு. மணுகூரு பக்கத்தைச் சேர்ந்த சகினி ராமச்சந்திரய்யா அப்படிப் பாடியவர். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார், 2024இல் காலமானார். எழுதப்படாத வரலாற்றைத் தொண்டையில் வைத்திருந்தவர். முலுகு மாவட்டத்து மேடாரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சம்மக்கா சாரலம்மா ஜாத்திரையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வரி கேட்ட காகத்தியப் படையோடு போரிட்ட கோயாத் தாயும் மகளும் அங்கே தெய்வம். சிலை இல்லை, மூங்கிலும் குங்குமச் சிமிழும்தான். காணிக்கை வெல்லம், அதைத் தங்கம் என்றே சொல்வார்கள்.

இப்போது உங்கள் நடனக் கேள்விக்கு வருகிறேன். கொம்முக் கோயாக்களின் ஆட்டம் பிரசித்தம். ஆண்கள் காட்டெருமைக் கொம்பும் மயிலிறகும் வைத்த தலையணி கட்டி, பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு எருமைகள் மோதுவதைப் போல ஆடுவார்கள். பெண்கள் தோளோடு தோள் கோத்து அரைவட்டமாக அடி வைப்பார்கள். அரசு விழாக்களில், அமைச்சர் வரவேற்பில் எல்லாம் இதைப் பார்க்கலாம், விடுதியில் சொல்லி வைத்தால் ஏற்பாடு செய்துதர ஆளும் கிடைக்கலாம். என் அபிப்பிராயம், கேட்காதீர்கள். அது கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் உரிய ஆட்டம். யாராவது அழைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் பார்க்கக் கிடைத்தால் பாக்கியம். இரண்டு பயணிகளுக்காகப் பகல் வெயிலில் கொம்பு கட்டச் சொல்வதை, நம் வீட்டுக்கு வந்தவர் 'உங்கள் சீமந்தச் சடங்கை ஒருமுறை செய்து காட்டுங்கள்' என்று கேட்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்குப் பதிலாக வாரச்சந்தைக்குப் போங்கள். தும்முகூடம், சர்லா, சிந்தூர் என்று சுற்றிலும் ஊருக்கொரு கிழமை, எந்தக் கிழமை எங்கே என்று பேருந்து நிலையத்து டீக்கடையில் சொல்வார்கள். அந்தப் பேருந்து நிலையமே ஒரு காட்சி. வடக்கே சர்லா, கிழக்கே சிந்தூர் வழியாகச் சுக்மா, ஜெகதல்பூர், தெற்கே மாரேடுமில்லி வழியாக ராஜமகேந்திரி என்று வழிகள் பிரிவதால், தெலுங்கும் கோயாவும் இந்தியும் ஒடியாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். மிளகாய்ப் பழம் பறிக்கும் பருவத்தில் சத்தீஸ்கரிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூலிக்கு வருகிறார்கள், தலையில் பாத்திரம், இடுப்பில் குழந்தை.

சந்தையில் அவசரமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். புளி, தேன், சீயக்காய், விளக்குமாறு, மூங்கில் கூடை, மந்தாரை இலையை ஈர்க்குக் குச்சியால் தைத்த தையல் இலைக் கட்டுகள். கோடைத் தொடக்கம் என்றால் உலர்ந்த இலுப்பைப் பூ. அதைப் பொறுக்க விடிவதற்கு முன்பே மரத்தடிக்குப் போக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் கூடை நிறைய வேண்டும். ஒரு பாட்டி விரித்த சாக்கில் குவித்து வைத்திருந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தேன். திராட்சை வற்றல்போல் சுருங்கி, புளித்த இனிப்பு வாசனையோடு இருந்தது. வியாபாரி படியால் அளந்து வாங்கினார், பாட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு பூவைத் தனியே எடுத்து மடியில் போட்டு எண்ணிக்கை வைத்துக்கொண்டார். அளவு முடிந்ததும் இரண்டு கணக்கும் ஒத்துப் போகவில்லை. பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் மடியை விரித்துக் காட்டினார். வியாபாரி மறுபடி அளந்தார். நீங்கள் பண்பாடு என்று எதைத் தேடுகிறீர்களோ, அது இந்த இடத்தில் கட்டணமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எதையாவது விலை கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாமல்.

பகலில் ஒரு நாளைப் பர்ணசாலைக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். வனவாசத்தில் ராமன் குடில் போட்ட இடம், மாரீச மான் வந்த இடம், சீதை புடவை உலர்த்திய பாறை என்று ஓடைக் கரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். இதே கோதாவரியின் மேல்முனையில் நாசிக் பஞ்சவடியிலும் இதையேதான் காட்டுகிறார்கள். எது அசல் என்ற வழக்கு நமக்கெதற்கு? சிமெண்ட் பொம்மைகளைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டு ஆற்றங்கரையில் உட்காருங்கள்.

போகிற வழியில் தும்முகூடத்தில் இறங்குங்கள். கோதாவரியில் நீராவிப் படகுப் போக்குவரத்து நடத்தி நடு இந்தியப் பருத்தியைக் கடலுக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் போட்ட திட்டத்தின் மிச்சமான அணைக்கட்டு அங்கே இருக்கிறது. வேலையை நடத்திய ஹேக் என்ற பொறியாளரே 1860இல் கோயாக்களிடையே கிறிஸ்தவ ஊழியத்துக்கும் வித்திட்டார். பின்னால் வந்த ஜான் கெய்ன் என்ற பாதிரியார் எழுதிய குறிப்புகள்தான் கோயாக்களைப் பற்றி அச்சில் வந்த முற்கால விவரங்களில் முக்கியமானவை. படகுத் திட்டம் கைவிடப்பட்டது. சபை தங்கிவிட்டது. ரயிலில் வரும்போது தோர்ணக்கல் சந்திப்பைக் கடப்பீர்கள் என்றால் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக 1912இல் அங்கே அமர்ந்த அசரியா, நம் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர்.

உங்கள் கடிதத்தில் 'இன்னும் கெடாத இடம்' என்று ஒரு வரி இருந்தது. கெடாமல் இருப்பது தானாக நடக்கவில்லை. வெளியார் கைக்குப் பழங்குடி நிலம் போகக் கூடாது என்று 1959இல் வந்த விதியை 1970இல் திருத்தி இறுக்கினார்கள். ஊரில் எல்லாரும் அதை 'ஒன் ஆஃப் செவன்ட்டி' என்றுதான் சொல்வார்கள். அதன்படி அட்டவணைப் பகுதியில் பழங்குடியினரல்லாத ஒருவர் நிலம் வாங்க முடியாது, விற்பவர் பழங்குடியாக இல்லாவிட்டாலும்கூட. நடைமுறையில் பினாமியும் ஓட்டைகளும் வழக்குகளும் ஏராளம். ஆனாலும் கோயிலைச் சுற்றிப் பத்து மாடி விடுதிகளும், கோதாவரியைப் பார்த்தபடி வில்லாக்களும் வரிசையாக முளைக்காததற்கு இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு. நீங்கள் தேடும் அமைதிக்கு ஒரு சட்ட எண் இருக்கிறது.

அந்தச் சட்டத்தால் காக்க முடியாததும் ஒன்று உண்டு. கீழே போலவரத்தில் எழும் அணை. அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கும் கிராமங்களில் பெரும்பாலானவை கோயாக்களும் கொண்டா ரெட்டிகளும் வாழ்ந்தவை. சபரி ஆறு கோதாவரியில் கலக்கும் கூனவரத்துப் பக்கம் போனால், பாதி காலியான ஊர்களைப் பார்ப்பீர்கள். பணமும் காலனி வீடும் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். காலனியில் இலுப்பை மரம் இல்லை, குலதெய்வத்தின் இடம் இல்லை, காட்டுக்குப் போகும் வழி இல்லை. பாப்பிக் குன்றுகளுக்குப் படகுச் சுற்றுலா உண்டு, அழகான பள்ளத்தாக்குதான். படகில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு போகும்போது கரையில் இருப்பது யாருடைய ஊர் என்று தெரிந்துகொண்டு போங்கள். 2019 செப்டம்பரில் வெள்ளத்தில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். ஆறு ஏறியிருக்கும் நாட்களில் யார் அழைத்தாலும் ஏறாதீர்கள்.

இனி சுருக்கமாக ஏற்பாடு. சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயிலில் கம்மத்தில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள், சுமார் 120 கிலோமீட்டர். 'பத்ராசலம் ரோடு' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு, பெயரைப் பார்த்துக் கோயில் வாசல் என்று நினைக்க வேண்டாம், அது கொத்தகூடத்தில் இருக்கிறது, அங்கிருந்து இன்னும் 40 கிலோமீட்டர். ஏப்ரல், மே வெயில் நம் வேலூரைச் சாதாரணமாக்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் வெள்ளம். நவம்பர், அல்லது முக்கோடி முடிந்த ஜனவரி, பிப்ரவரி உத்தமம். பழங்குடி மேம்பாட்டு முகமையின் வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, சந்தைக்குப் போகும் முன் அதைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது கூடும். பழங்குடிப் பெண்கள் குழுவாகச் செய்யும் சிறுதானிய பிஸ்கட் கிடைத்தால் வாங்குங்கள். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் மாரேடுமில்லிப் பக்கம் மூங்கில் குழாயில் வேகவைத்த கோழி பிரசித்தம்.

இன்னொன்று. அமைதியான ஊரைச் சொன்னால் போய்வந்தவர்களில் சிலர் 'அங்கே ஒரு மனை கிடைக்குமா?' என்று எனக்கு எழுதுவார்கள். இந்த முறை பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தானாஷா வந்தார், நிஜாம் வந்தார், காட்டன் வந்தார், நம் சென்னை ராஜதானியும் எண்பது ஆண்டு ஆண்டுவிட்டு வந்தது. ஒருவருக்கும் அந்த ஊர் சொந்தமாகவில்லை. அந்த ராமனே தம்மக்கா போட்ட பந்தலில் இடம் கேட்டு வந்தவன்தான். நீங்களும் நானும் நாலு நாள் தங்கிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதில் ஒரு குறைவும் இல்லை.

போய்வந்து எழுதுங்கள். கோயில் வர்ணனை வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. சந்தையில் இலுப்பைப் பூ படி என்ன விலை போயிற்று, படியை அளந்தவர் ஒழுங்காக அளந்தாரா என்பதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயணப் பக்கத்துக்காரன்